நடக்கும் வேகத்தில் ஒரு சத்தம்

கல்லை முதலில் காலால் தள்ளிவிடுகிறார். இரண்டடி நடக்கிறார். பிறகு மனம் கேட்காமல் திரும்பி வந்து, குனிந்து, அதே கல்லைக் கையால் எடுத்துச் சுவரோரமாக வைக்கிறார். குனிவது அவருக்கு லேசான காரியம் அல்ல. வயிறு குறுக்கே வந்து நிற்கும். "காலால தள்ளின கல்லு, சண்டை போட்டுத் துரத்தின மருமகன் மாதிரி. விடியறதுக்குள்ள திரும்பி வந்து நடுவுல உக்காந்துக்கும்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார்.

எங்கள் சந்தில் அவர் நடந்த நடை இது. நாளைக்கு ஒரு நோயாளியை ஏற்றி வரவேண்டிய பாதையை இன்றைக்கே நடந்து பார்க்காமல் அவர் வண்டியை எடுப்பதில்லை. சாக்கடை மூடியின் மேல் ஏறி நின்று, இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தார். "இது ஆடுது. இடது சக்கரம் இதும்மேல ஏறக் கூடாது." ஒரு வீட்டின் படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. படிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே கைகளை விரித்து நின்று அளந்தார். கார் நுழையுமா என்று கேட்டேன். "நுழையும். சந்துக்குள்ள வர்றப்ப காதை மட்டும் மடக்கிக்கணும்" என்று, காரின் பக்கக் கண்ணாடியை மடக்குவதுபோல் தன் காதை மடக்கிக் காட்டினார்.

வீட்டார் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. மருத்துவமனையில் காவலாளி முதல் தலைமை நர்ஸ் வரை யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் பஞ்சு. பிள்ளை பெற்றவள், இடுப்பில் கம்பி வைத்தவர், தையல் ஆறாத வயிறு, குறைமாதக் குழந்தை: இவர்களைக் குலுங்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் தொழில். வேறு சவாரி ஏற்றுவதில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடிவந்து கதவைத் திறப்பவர்களிடம், "ஏறுங்க, ஏறுங்க. நாளைய ரயில்னா கண்டிப்பா புடிச்சிரலாம்" என்பார். "ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு வர்றது. நான் அவசரமெல்லாம் முடிஞ்ச அப்புறம் வர்ற ஆளு."

அடக்கம் அவர் இருக்கும் தெருவுக்கே வராது. "என் வண்டியில முட்டையை மடியில வச்சுக்கிட்டு ஏறுங்க. உடையாது. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள குஞ்சு வேணா பொரிக்கலாம்" என்று அறிமுகமான முதல் நிமிடத்திலேயே என்னிடம் சொன்னார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மீசைக்கென்று தனியாக ஒரு சீப்பு. அவர் மனைவிக்கு இந்தப் பெருமையெல்லாம் பழகிவிட்டது. "நல்லவேளை, கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையை வேற ஒருத்தர் வண்டியில கூட்டிட்டு வந்தாங்க. இவரே ஓட்டிட்டு வந்திருந்தா நான் இன்னும் மாலையோட நின்னுக்கிட்டு இருப்பேன்" என்கிறார்.

கார் என்னைவிட மூத்தது. ஒரு காலத்தில் நீலம். இப்போது பலமுறை துவைத்த சட்டையின் நிறம். அடித்து மூட வேண்டிய கதவுகள் அதற்கு. ஆனால் அவர் அடிப்பதில்லை. இடுப்பால் அணைத்து, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்துவார். ரேடியோ இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பொந்து. அதற்குள் பஞ்சுச் சுருளும் கட்டுத்துணியும். "வண்டி பேசிக்கிட்டு இருக்கறப்ப குறுக்க இன்னொருத்தன் பாடக் கூடாது" என்பது அவர் கட்சி. வெளியே ஓயாமல் பேசுகிறவர், நோயாளி ஏறிவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். திறப்பார், ஆனால் பேச மாட்டார். உதடுகளை லேசாகப் பிரித்து வைத்துக்கொண்டு ஓட்டுவார். சத்தம் காது வழியாக மட்டுமல்ல, வாய் வழியாகவும் உள்ளே போகிறது என்று நம்புகிறார்.

என் அப்பா தையல்காரர். ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணை வைத்துத்தான் ஊசியில் நூல் கோத்தார், எங்களை வளர்த்தார், என்னைப் பட்டதாரி ஆக்கினார். போன வாரம் அந்தக் கண்ணின் விழித்திரை கிழிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் காற்றுக்குமிழ் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கிழிந்த இடத்தை அது அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமானால் அப்பா முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் படுத்தாலும், வீட்டுக்குப் போகும் வழியிலும். "குலுங்காம கூட்டிட்டுப் போங்க" என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் மருத்துவர் சொல்வதை விளங்கிக்கொள்வது, கையெழுத்துப் போடுவது, வண்டி பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. "நீதான் படிச்சவளாச்சே" என்பார் அம்மா. நான் படித்தது இயற்பியல். ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை படிப்பு என்பது ஒன்றுதான். அதற்குள் எல்லாம் அடக்கம். தலையாட்டிவிட்டு, எனக்கு என்ன தெரியும் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமை நர்ஸ்தான் பஞ்சுவின் எண்ணைக் கொடுத்தார்.

சந்து முழுக்க நடந்து முடித்து முனைக்கு வந்ததும் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாப்பா, பாதை பரவாயில்ல. வண்டிதான் சரியில்ல. நாளைக்கு என்னால வர முடியாது."

"என்ன அண்ணே, கடைசி நேரத்துல இப்படி சொல்றீங்க? காலையில டிஸ்சார்ஜ்!"

"சக்கரத்துல ஒரு சத்தம். இன்னைக்குக் காலையிலகூட கேட்டுச்சு. வர்ற வழியில போயிரும், போயிரும்னு பாத்தேன். போகல. என்னன்னு தெரியாத சத்தத்தைக் கூட வச்சுக்கிட்டு ஒத்தைக் கண்ணை ஏத்த மாட்டேன். நடு ரோட்டுல சக்கரம் இறுகிக்கிட்டு வண்டி குதிச்சா யார் பதில் சொல்றது?"

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வேற வண்டியா கிடைக்காது? பாருடி" என்றார். கிடைக்கும். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று வேறு வண்டியில்தான் போனோம். ஒரு வேகத்தடையில் எங்கள் மூவர் தலையும் கூரையில் இடித்தது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து "ஸாரி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டு, "அந்தச் சத்தத்தை எனக்குக் காட்டுங்க" என்று காரில் ஏறினேன்.

சத்தத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. சில வாரங்களாகவே இருக்கிறதாம். அது வருவதற்கு முன் காருக்குச் செய்ததெல்லாம் ஒரு எண்ணெய் மாற்றம், ஒரு பஞ்சர், அவ்வளவுதான். முதலில் பின்பக்கம் இடதில் கேட்டது. மெக்கானிக் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு பிரதான சாலையில் பறந்து திரும்பி வந்து, "சத்தமா? கார் கண்ணாடி மாதிரி ஓடுது" என்றார். இவர் விடவில்லை. பேரிங்கை மாற்றினார்கள். பிரேக்கைக் கழற்றிப் பூட்டினார்கள். சக்கரத்தின் வெளிமூடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் அது பின் இடதிலிருந்து கிளம்பி முன் வலதுக்குப் போய்விட்டது.

"போயிருச்சா?"

"போயிருச்சு. குடிவந்த வீடு புடிக்கலன்னு மாறிப்போற மாதிரி, குறுக்குவாட்டுல போயிருச்சு. இதைச் சொன்னா எவன் நம்புவான்? என்னைப் பாத்து சிரிக்கிறானுங்க. காதுலதான் கோளாறுன்னு ஒரு பயல் சொன்னான். காது டாக்டர்கிட்டயே போய் உக்காந்தேன். எறும்பு நடந்தா கேக்கிற காதுன்னு சொல்லிட்டார்." எறும்பு என்ற சொல் மருத்துவருடையதா இவருடையதா என்று நான் விசாரிக்கவில்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் முதல்வர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. டயர்க் கடை வைத்திருக்கிறார். கடைசியாக ஒருமுறை அங்கே காட்டிவிடலாம் என்று போனோம். கடையின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'கை வைத்தால் குறை இல்லை' என்று எழுதியிருந்தது. மச்சான் ஒல்லி. டயர்களுக்கு நடுவே நின்றால் கம்பு ஒன்றைச் சாத்தி வைத்ததுபோல் இருப்பார். எங்களைக் கண்டதும் அங்கே காத்திருந்த பள்ளி வேன் ஓட்டும் அக்காவிடம் உரக்க அறிவித்தார். "வந்துட்டார்க்கா எங்க மாமா! இன்னைக்கு சத்தம் எந்த வீட்ல தங்கியிருக்கு மாமா?"

"முன்னால வலது. பாருடா."

"நேத்து பாத்தேன், முந்தாநாள் பாத்தேன். சக்கரத்தைப் பாத்துப் பாத்து அதுக்கே வெக்கம் வந்துருச்சு." சொல்லிக்கொண்டே முதுகைச் சொறிந்தார். சொறிவதற்கு அவர் கையில் இருந்தது மரக் கைப்பிடி போட்ட இரும்புக் கவை. பஞ்சர் ஒட்டுகிறவர்கள் ஒட்டுத் துண்டின் மேல் அழுத்தி உருட்டுவார்களே, அந்த ரோலர். கவையின் நடுவே இருக்க வேண்டிய சின்னச் சக்கரம் இல்லை.

"உருட்டுறதை வச்சு சொறியறீங்களே?" என்றார் வேன் அக்கா.

"சக்கரத்தை எவனோ லவட்டிட்டான்க்கா. காசு பெறாத சாமான், அதையும் விடமாட்டேங்கிறானுங்க. எங்க அப்பா வச்சிருந்த ரோலர். தூக்கிப்போட மனசில்ல, சொறியவாவது ஆகட்டும்னு வச்சிருக்கேன்."

காரை ஜாக்கியில் தூக்கி, முன் வலது சக்கரத்தைக் கையால் ஓங்கிச் சுழற்றினார். பக்கத்தில் காற்றடிக்கும் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றியது, ஓய்ந்தது. "கேக்குதா மாமா? எனக்கு என் வயித்துப் பசிதான் கேக்குது." வேன் அக்கா சிரித்துவிட்டார். பஞ்சு சிரிக்கவில்லை. சீப்பை எடுத்து மீசையை ஒருமுறை வாரிக்கொண்டு, "ஜாக்கியை இறக்கு" என்றார். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு சின்னக் குரல் இருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கின் மதில், தெரு நீளத்துக்கு. சத்தம் தேடுவதற்கு அவர் வருகிற இடம் அதுதான். மதிலை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால், சக்கரம் சொல்வதைச் சுவர் வாங்கித் திருப்பிச் சொல்லுமாம். "சொந்தக்காரன் சொல்லாததைப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லுவான்." காரை நிறுத்தி, "நீ இறங்கி கூடவே நடந்து வா. குனிஞ்சுக்கோ. காதை சக்கரத்துக்குக் குடு" என்றார்.

கார் நகர்ந்தது. என் நடையின் வேகத்துக்கு, பிடிவாதக் குழந்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல். நான் முன் சக்கரத்தின் பக்கத்தில் முதுகை வளைத்து நடந்தேன். எதிரே சைக்கிளில் வந்தவர், "என்னம்மா, வண்டியில எடமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், "பாவம், எதையோ தொலைச்சிருச்சு போல" என்று உள்ளே யாருக்கோ சொன்னாள். முதலில் எஞ்சின் மட்டும் கேட்டது. பிறகு சாலையில் டயர் ஒட்டிப் பிரியும் ஓசை. பிறகு என் மூச்சு. இவை எல்லாம் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டதுபோல் அடியிலிருந்து அது வந்தது. சர்ர்ர், டக். சிறிது இடைவெளி. சர்ர்ர், டக்.

அவர் இதை மூடிய காருக்குள், இருக்கையில் உட்கார்ந்தபடி, இத்தனை வாரமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! உலகமே இல்லை என்று சொல்லும் ஒன்றை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

"கேக்குது அண்ணே!"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கேக்குதா? உனக்கும் கேக்குதா?" என்று மூன்று தடவையாவது கேட்டார். கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"உருண்டு வந்து விழற மாதிரி இருக்கு. கொஞ்சம் வேகமா போங்க." அவர் போனார், நான் ஓடினேன். ஓட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. மெதுவானதும் மறுபடி வந்தது.

"அதான் சொல்றேனே. நடந்தா பேசுது. ஓடினா வாயை மூடிக்குது. மெக்கானிக்கு எல்லாம் ஓட்டிப் பாக்கறவன். எவன் நடந்து பாக்கறான்?"

மூச்சிரைக்க நின்றேன். நடந்தால் பேசுகிறது, ஓடினால் மூடிக்கொள்கிறது. இதை நான் எங்கேயோ சந்தித்திருக்கிறேன்.

"அண்ணே, வாளியில தண்ணி வச்சு வேகமா சுத்தியிருக்கீங்களா? தலைக்கு மேல போனாலும் கொட்டாது."

"சுத்தியிருக்கேன். அடியும் வாங்கியிருக்கேன்."

"மெதுவா சுத்தினா?"

"தலையில கொட்டும்."

"அதேதான். ஏதோ ஒண்ணு உள்ள தனியா கிடக்கு. வேகமா சுத்தறப்ப ஓரத்தோட ஒட்டிக்குது. மெதுவா சுத்தறப்ப மேல ஏறிப் பாத்துட்டு, முடியாம உருண்டு கீழ விழுது."

அவர் பிரேக்கை மிதித்தார். "இதையா காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"

"ஆமா."

"அடப்பாவிகளா! நல்ல படிப்பாத்தான இருக்கு!"

பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு சத்தம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது ஒரு தையல்காரரின் கண்ணுக்கும் ஒரு பழைய காருக்கும் நடுவே வந்து டக்கென்று விழும் என்றும் நினைத்ததில்லை.

ஆனால் 'உள்ளே' என்றால் எதற்குள்? வெளிமூடியைக் கழற்றியாகிவிட்டது. பிரேக்கையும் பார்த்தாகிவிட்டது. குறுக்குவாட்டில் இடம் மாறியதற்கும் என் வாளியிடம் பதில் இல்லை. இன்னொரு தடவை நடப்போம் என்றார். நடந்தேன். இந்த முறை காதோடு கண்ணையும் சக்கரத்துக்குக் கொடுத்தேன். புழுதி படிந்த டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, துவரம்பருப்பு அளவில் சிவப்பாக ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

"சிவப்புப் புள்ளி எதுக்கு வச்சிருக்கீங்க அண்ணே?"

"அதுவா? சத்தம் வந்த சக்கரத்துக்கு அடையாளம். என் பொண்ணோட நகப்பூச்சை எடுத்து வச்சேன். பின்னால இடதுல."

"இல்ல. இங்க இருக்கு. முன்னால வலதுல."

கார் நின்றது. எஞ்சின் அணைந்தது. கதவைத் திறந்து இறங்கி, முன்னால் வந்து, அந்த வயிற்றோடு தரையில் மண்டியிட்டு, கட்டைவிரலால் புழுதியைத் துடைத்தார். சிவப்பு பளிச்சென்று வந்தது. பின் இடது சக்கரத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மறுபடி மண்டியிட்டார்.

"இத்தனை நாள்ல நீங்க பாக்கலையா?"

"வச்சவன் நான்தானே? வச்ச இடத்துல இருக்குன்னு நெனச்சேன். நான் எதுக்குக் குனிஞ்சு பாக்கப் போறேன்?" சொல்லிவிட்டுத் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "சத்தம் இடம் மாறல பாப்பா. சக்கரம்தான் இடம் மாறியிருக்கு. பேரிங் இல்ல, பிரேக் இல்ல. இந்த டயருக்குள்ளதான் இருக்கு."

கடைக்குத் திரும்பினோம். வேன் அக்காவின் டயர் முடியும் நிலையில் இருந்தது.

"டேய், என் சக்கரத்தை மாத்திப் போட்டியா?"

"ஆமா, அன்னைக்கு நீங்க டீ குடிக்கப் போனப்ப. பின் இடதை முன் வலதுக்குப் போட்டா தேய்மானம் சமமா வரும். உங்களுக்கு நல்லது பண்ணலாம்னு பண்ணேன். சொல்லலையா?"

"சொல்லலடா!"

"சொன்னேன்னு நெனச்சேன்."

பஞ்சு வானத்தைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல், "இதைக் கழட்டி, காத்தை இறக்கி, ரிம்மிலேருந்து பிரி" என்றார்.

"நல்லா இருக்கிற டயரைப் பிரிக்கச் சொல்றார் பாருங்கக்கா. உள்ள என்ன, புதையலா இருக்கு?" புலம்பினாலும் மச்சானின் கை வேலையில் இறங்கியது. புஸ்ஸென்று காற்று இறங்கியது. நெம்புகோலால் டயரின் விளிம்பை ரிம்முக்கு மேல் ஏற்றினார். டயர் வாயைப் பிளந்தபோது வேன் அக்கா, "தம்பி, என்னோட நட்டை இறுக்கிட்டியா? புள்ளைங்களை ஏத்தணும்" என்றார். "கை வச்சா குறை இருக்காதுக்கா, போர்டைப் பாருங்க" என்று மச்சான் அந்தப் பக்கம் திரும்பினார்.

பஞ்சு தன் சட்டைக் கையை மடித்துவிட்டு, டியூப் இல்லாத அந்த டயருக்குள் கையை விட்டார். என் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே காட்டினேன். கை, டயரின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. எதையோ தொட்டு, விரலால் உருட்டிப் பார்த்தது. சர்ர்ர், டக். வெளியே வந்த உள்ளங்கையில் ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது. இரும்பு; சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது; விளிம்பில் பல் பல்லாக வெட்டு; நடுவே ஊசித்துளை. பஞ்சர் ஒட்டிய அன்று, உருட்டிக்கொண்டிருக்கும்போதே கவையிலிருந்து நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. மச்சான் அதன் மேலேயே டயரை மூடிக் காற்றடித்திருக்கிறார்.

நான் பஞ்சுவைப் பார்த்தேன். இத்தனை வாரக் கேலி, காது மருத்துவர், புது பேரிங். இப்போது அவர் ஊரைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். முட்டை குஞ்சு பொரிக்கும் கதையை எனக்குச் சொன்னவர், இதை வைத்து ஒரு வருடத்துக்குப் பேசுவார்.

"என்ன மாமா, எலியா, பூனையா?" மச்சான் தலையைத் திருப்பாமலே கேட்டார். வேன் அக்கா எட்டிப் பார்த்தார்.

உள்ளங்கை மூடிக்கொண்டது.

"கல்லு" என்றார் பஞ்சு.

"ஒரு கல்லுக்கா இந்தப் பாடு! எங்க, காட்டுங்க."

"அந்தப் பக்கம் எறிஞ்சிட்டேன். டயரைப் பூட்டு."

"உள்ள எப்படிக் கல்லு போகும் மாமா?"

"என் வீட்டுக்குள்ள எப்படி நீ மச்சானா வந்தே? அது மாதிரிதான். பூட்டுடா."

வேன் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மச்சான் கவையால் முதுகைச் சொறிந்துகொண்டே டயரைப் பூட்டினார். மதிலோரம் இன்னொரு முறை போனோம், நான் நடந்து, அவர் ஓட்டி. டயர் ஒட்டிப் பிரியும் ஓசைக்கு அடியில் எதுவும் இல்லை. "ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன். "எதை? கல்லுன்னு சொன்னேனே" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பாவை ஏற்றினோம். முகம் கவிழ்ந்து வருகிறவர்களுக்கென்று பஞ்சு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். முன் இருக்கையின் முதுகில் தலையணைகளை அடுக்கி, அதன் மேல் பாதிக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் ஒன்றைப் பொருத்துகிறார். அதற்குத் துணியில் உறை. பின் இருக்கையில் உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்து, அந்த வளையத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டால் போதும். கதவை இடுப்பால் அணைத்து மூடினார். உதடுகளைப் பிரித்துக்கொண்டார். கார் எப்போது கிளம்பியது என்று எனக்கே தெரியவில்லை; மருத்துவமனைத் தூண்கள் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வேகத்தடைகளில் வண்டி ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரு மூச்சு வந்து போவதுபோல் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், கடந்து போகும்போது கையை ஆட்டினார்கள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோபமும் இல்லை, பொறுமையும்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எதையாவது நான் இப்படிக் கேட்டிருக்கிறேனா? அம்மா பேசும்போது? அப்பாவின் தையல் இயந்திரம் வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி நின்று நின்று ஓட ஆரம்பித்தபோது?

பாதி வழியில், வளையத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இந்த உறையை எவன்மா தைச்சான்? தையல் குடிகாரன் நடந்த மாதிரி போகுது. மூக்குலயே உறுத்துது."

பஞ்சுவின் மீசை அசைந்தது.

சந்து முனையில் காதுகளை மடக்கினார். ஆடும் மூடியை விலக்கி, படியை உரசாமல், எங்கள் வாசலில் நின்றது கார். கதவைத் திறந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அந்தக் குடிகாரன் நான்தாங்க."

அப்பா கவிழ்ந்த முகத்தோடே சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. கண்ணு தெளியட்டும், முதல் வேலையா உங்களுக்கு ஒரு உறை தைச்சுத் தர்றேன்." பிறகு, "வந்துட்டோமா? இன்னும் ஆஸ்பத்திரியிலயே நிக்கிறோம்னுல்ல நெனச்சேன்" என்றார். பஞ்சு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்பா சொன்னதைவிடப் பெரிய பட்டம் வேறில்லை என்ற பெருமை அந்தப் புருவத்தில் இருந்தது.

கண்ணில் விடும் மருந்து ஒன்று எங்கள் பக்கக் கடைகளில் கிடைக்கவில்லை. அதை வாங்க மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியிருந்தது, அவருடனே கிளம்பினேன். வழியில் டயர்க் கடை முன் நிறுத்தி, "காத்து பாக்கணும்" என்றார். மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை அமுக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தார். மேசையில் அவருடைய தகர டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒட்டுத் துண்டுகள், வால்வுகள், உதிரிச் சாமான்கள். எதைப் போட்டாலும் கணீர் என்று ஊருக்குச் சொல்லும் டப்பா.

பஞ்சு தன் சட்டைப் பையிலிருந்து குட்டிச் சக்கரத்தை எடுத்தார். உதடுகள் பிரிந்தன. இரண்டு விரல்களால் அதை இறக்கி, டப்பாவின் அடியில், ஒரு மூலையில் வைத்தார். மேலே இரண்டு ஒட்டுத் துண்டுகளை எடுத்துப் போர்த்தினார். சத்தமே வரவில்லை.